ஒரே உஸ்தாதின் இரு மாணவர்கள்: அபுல் ஃபஸ்லும் பதாயூனியும்

ஹதீஸ் அறிவிப்பாளர்களை எடைபோடும் 'ஜர்ஹ் – தஃதீல்' கலையில் 'கலாமுல் அக்ரான்' என்றொரு தலைப்பு உண்டு. 'அக்ரான்' என்றால் ஒரே காலத்தில், ஒரே துறையில், ஏறத்தாழ ஒரே தரத்தில் இருந்தவர்கள். அவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் சொன்ன குறைகளை எந்த அளவுக்கு ஏற்பது என்பதே இத்தலைப்பின் கீழ் ஆராயப்படும் கேள்வி. ஹிஜ்ரி 463இல் (1071) மறைந்த இப்னு அப்தில் பர் தமது 'ஜாமிஉ பயானில் இல்ம்' நூலில் இதற்கெனத் தனி அத்தியாயமே வகுத்தார். ஹிஜ்ரி 748இல் (1348) மறைந்த இமாம் தஹபி 'மீஸானுல் இஃதிதால்' நூலில் இதனை ஒரு விதியாகவே வைத்தார். பகைமையோ, பொறாமையோ, கொள்கைச் சார்போ பின்னணியில் தென்படுமாயின் சமகாலத்தவரின் குற்றச்சாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது அவ்விதியின் சாரம்.

இவ்விதி பிறந்ததற்குக் காரணம் இருந்தது. இமாம் மாலிக் அவர்கள் ஸீரா ஆசிரியர் இப்னு இஸ்ஹாக்கைக் கடுமையான சொல்லால் சாடினார்கள். மாலிக்கின் மதிப்பும் குறையவில்லை. இப்னு இஸ்ஹாக்கின் நூலும் கைவிடப்படவில்லை. ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் ஸகாவியும் ஸுயூத்தியும் ஒருவரை ஒருவர் எழுத்தால் தாக்கிக்கொண்டனர். இன்று நமது நூலக அலமாரிகளில் இருவரின் நூல்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. சமுதாயம் இருவரிடமிருந்தும் பயனைப் பெற்றுக்கொண்டு அவர்களின் சண்டையை அவர்களிடமே விட்டுவிட்டது.

ஹதீஸ் கலைக்கென வகுக்கப்பட்ட இந்த அளவுகோலை இந்திய வரலாற்றின் புகழ்பெற்ற ஒரு பணியிடப் பூசலுக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பள்ளிப் பாடநூல்கள் 'அபுல் பாசல்' என்று எழுதும் ஷைகு அபுல் ஃபஸ்ல், அவருடன் அக்பரின் அரசவையில் பணியாற்றிய முல்லா அப்துல் காதிர் பதாயூனி ஆகிய இருவரே நாம் எடுத்துக்கொள்ளும் 'அக்ரான்'.

ஒரே வீட்டுக் கல்வி

இருவருக்கும் ஆசிரியர் ஒருவரே. அவர் ஷைகு முபாரக் நாகோரி. இந்த நாகோர் ராஜஸ்தானத்தைச் சேர்ந்தது. நமது நாகூர் அன்று. ஆக்ராவில் யமுனைக் கரையில் பாடம் நடத்திய இப்பேரறிஞருக்கு மகன்களாகப் பிறந்தவர்களே 1547இல் பிறந்த கவிஞர் ஃபைஸியும் 1551இல் பிறந்த அபுல் ஃபஸ்லும். 1540இல் பிறந்த பதாயூனி, ஸம்பலில் ஷைகு ஹாத்திமிடம் ஓதிய பின்னர் இளைஞராக ஆக்ரா வந்து முபாரக்கிடம் மாணவரானார். அப்போது ஃபைஸி அவருடைய பாடத் தோழர். அபுல் ஃபஸ்ல் அந்த வீட்டில் வளர்ந்து வந்த சிறுவர்.

உஸ்தாதைப் பற்றிப் பதாயூனி விட்டுச் சென்றுள்ள சித்திரம் ஊன்றிப் படிக்கத்தக்கது. தொடக்க காலத்தில் முபாரக் மிகுந்த பேணுதல் உடையவர். தங்க மோதிரமோ பட்டாடையோ அணிந்து எவரேனும் அவையில் அமர்ந்தால் உடனே கழற்றச் சொல்வார். வழியில் இசையொலி கேட்டால் விரைந்து கடந்து போவார். அதே மனிதர் பிற்காலத்தில் இசையின்றி இருக்க முடியாதவராக மாறினார் என்றும் பதாயூனி எழுதுகிறார். ஆயினும் தம்மீது அவருக்குப் பெரிய ஆசிரிய உரிமை உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

இக்குடும்பம் பட்ட துன்பத்தையும் நினைவிற்கொள்ள வேண்டும். அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த மக்தூமுல் முல்க் அப்துல்லாஹ் ஸுல்தான்பூரியும், ஸத்ர் பதவியிலிருந்த ஷைகு அப்துந் நபியும் முபாரக்கை மஹ்தவிக் கொள்கையினர் என்றும் புதுமைவாதி என்றும் குற்றம் சாட்டினர். முதியவரும் மகன்களும் வீட்டைத் துறந்து இடம் மாறி இடம் மாறி ஒளிந்து வாழ நேர்ந்தது. 'ஆயீனே அக்பரி'யின் இறுதியில் தம் வரலாற்றைக் கூறும் இடத்தில் அபுல் ஃபஸ்ல் அந்நாட்களை ஆறாத புண்ணாகவே நினைவுகூர்கிறார். பிற்காலத்தில் உலமாக்கள் பால் அவர் காட்டிய கடுமையின் வேர் நூல்களில் மட்டும் இருக்கவில்லை. அஞ்சி ஓடிய அந்த இரவுகளிலும் இருந்தது. பதாயூனிக்கு அந்த அனுபவம் இல்லை. ஒரே பாடத்தை ஓதியவர்கள் ஒரே வாழ்க்கையை வாழ்ந்துவிடுவதில்லை.

இருபதின் தரம்

இருவரும் அரசவைக்கு வந்தது ஒரே ஆண்டில், 1574இல். பதாயூனி அதுவரை பட்டியாலி ஜாகீரில் ஹுஸைன் கான் என்ற தளபதியிடம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியிருந்தார். அபுல் ஃபஸ்ல் 'ஆயத்துல் குர்ஸி'க்கு எழுதிய விளக்கவுரையை அரசருக்குக் காணிக்கையாகக் கொண்டு வந்தார். அது தந்தையின் எழுத்து என்று ஊரார் பேசிக்கொண்டதாகப் பதாயூனி குறித்துவைக்கத் தவறவில்லை. சகபாடியின் பேனா அங்கேயே கூர்மை காட்டத் தொடங்கிவிட்டது.

தொடக்கத்தில் அரசரின் கண் பதாயூனி மீதே விழுந்தது. ஹாஜி இப்ராஹீம் ஸிர்ஹிந்தி போன்ற வாதத் திறமையாளர்களை மடக்குவதற்கு ஏற்ற இளம் ஆலிம் என்று அக்பர் அவரைக் கருதினார். இனிய குரலில் ஓதக்கூடியவர் என்பதால், வாரத்தின் ஏழு நாட்களுக்கும் அமர்த்தப்பட்ட ஏழு இமாம்களுள் ஒருவராக அவருக்குப் புதன்கிழமைத் தொழுகை ஒப்படைக்கப்பட்டது.

பின்னர் இருவருக்கும் 'பீஸ்தீ' எனப்படும் இருபதின் தரம் வழங்கப்பட்டது. அத்தரத்திற்குரிய குதிரைகளைத் திரட்டி, சூட்டுக் குறி இடும் 'தாக்' முறைக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அன்றைய நிர்வாகத்தில் உயர விரும்புவோர் ஏற வேண்டிய முதற்படி இதுவே. அபுல் ஃபஸ்ல் ஏறினார். சலிப்பின்றி, ஒழுங்கு தவறாமல், அரசரின் மனமறிந்து உழைத்தார். படிப்படியாக உயர்ந்து இறுதியில் ஐயாயிரத்தின் மன்ஸப் வரை சென்றார். பதாயூனிக்குக் குதிரைக் கணக்கு ஒத்துவரவில்லை. மானிய நிலம் ஏதேனும் கிடைத்தால் ஓரமாக அமர்ந்து ஓதிக்கொண்டிருக்கலாம் என்பதே அவர் எண்ணம். ஆயிரம் பீகா 'மததே மஆஷ்' நிலம் கிடைத்தது. ஓரமாக அமர்வது மட்டும் வாய்க்கவில்லை. நிலத்தைத் தந்த அரசவை அவரை ஊரிலிருந்து அழைத்துக்கொண்டே இருந்தது.

இவ்விடத்தில் பதாயூனி எழுதியிருப்பது வியப்பளிக்கிறது. நாங்கள் இருவரும் ஒரே அடுப்பில் வெந்தவர்கள் என்ற கருத்தைச் சொல்லி, அவர் தம் உழைப்பாலும் காரியத் திறமையாலும் உயர்ந்தார், நான் அனுபவமின்மையாலும் வெகுளித்தனத்தாலும் அதைத் தவறவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறார். எதிரியின் சிறப்பை எதிரியே சொன்னால் அதை ஏற்பதற்குத் தயக்கம் வேண்டியதில்லை. அபுல் ஃபஸ்லின் உழைப்பிற்கு இதைவிட உறுதியான சான்று தேவையுமில்லை.

பதாயூனியைச் சோம்பேறி என்று எண்ணிவிடலாகாது. 1576 ஜூன் மாதத்தில் ஹல்திகாட்டிப் போர் மூண்டபோது, இமாம் பணியிலிருந்து விடுப்புப் பெற்றுக் களம் சென்றார். வெற்றிச் செய்தியுடன் ராணா பிரதாபின் புகழ்பெற்ற யானையையும் ஃபதஹ்பூர் ஸிக்ரிக்குக் கொண்டு வந்து சேர்த்தவர் அவரே. மனம் ஒப்பிய பணியில் அவர் உயிரையும் பணயம் வைப்பார். மனம் ஒப்பாத பணியில் அவர் கால்கள் வீட்டை நோக்கியே நடக்கும்.

இபாதத் கானாவில்

1575இல் ஃபதஹ்பூர் ஸிக்ரியில் 'இபாதத் கானா' எழுந்தது. வியாழன் இரவுகளில் அங்கே மார்க்க விவாதங்கள் நடந்தன. உலமாக்களின் செல்வாக்கை அபுல் ஃபஸ்ல் அங்கே தம் வாதத்தால் சரித்தார் என்பது பொதுவான கருத்து. பதாயூனியின் நூலைப் படிப்பவருக்கு வேறொரு காட்சியும் தெரிகிறது.

மக்தூமுல் முல்க்கும் ஷைகு அப்துந் நபியும் ஒரே கொள்கையினர். ஒரே அரசின் இரு தூண்கள். அவ்விருவரும் ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ளவில்லை. அப்துந் நபி இருவரை அநியாயமாகக் கொல்லச் செய்தார் என்றும், தந்தையால் வெறுக்கப்பட்டவரும் மூலநோய் உடையவருமான அவருக்குப் பின்னால் நின்று தொழுவது கூடாது என்றும் மக்தூமுல் முல்க் ஒரு சிற்றேடு எழுதினார். மறுதரப்பு அவரை அறிவிலி என்றது. அவையிலிருந்த உலமாக்கள் இரு அணியாகப் பிரிந்தனர். ஒருவர் ஹலால் என்றதை மற்றவர் ஹராம் என்றார். அரசரின் நம்பிக்கை ஆட்டங்கண்டதற்கு இதனையும் ஒரு காரணமாகப் பதாயூனி எழுதுகிறார்.

மக்தூமுல் முல்க் ஆண்டு முடியும் முன்னர்த் தம் செல்வத்தை மனைவி பெயருக்கு மாற்றி, ஸகாத் கடமையாகாமல் தப்பித்து வந்ததையும் வெளிப்படுத்தியவர் பதாயூனியே. மார்க்கப் பற்றில் தம் அணியைச் சேர்ந்தவர் என்பதற்காக அவர் மூடி மறைக்கவில்லை. தம் தரப்புக்கு எதிராக ஒருவர் தரும் சாட்சியத்திற்குத் தனி எடை உண்டு.

1579இல் மார்க்கச் சட்டக் கருத்து வேறுபாடுகளில் முடிவெடுக்கும் உரிமையை அரசருக்கு வழங்கும் 'மஹ்ஸர்' எழுதப்பட்டது. அதன் வாசகத்தை வரைந்தவர் ஷைகு முபாரக். ஒருகாலத்தில் அவரை விரட்டிய இருவரும் அதில் ஒப்பமிட நேர்ந்தது. அவ்வாண்டே இருவரும் மக்காவுக்கு அனுப்பப்பட்டனர். திரும்பி வந்த பின் மக்தூமுல் முல்க் 1582இல் அஹ்மதாபாத்தில் மறைந்தார். அப்துந் நபி 1584இல் காவலில் இருந்தபோது இறந்தார். மஹ்ஸரின் முழு வாசகத்தையும் நமக்குப் பாதுகாத்துத் தந்தவர்களுள் ஒருவர் அதனை வெறுத்த பதாயூனி.

அக்காலத்தில் ஒருநாள் பதாயூனி தம் சகபாடியிடம், பேசப்படும் கொள்கைகளுள் உம் மனம் எதில் நாடுகிறது என்று கேட்டார். சில நாள் இறைமறுப்பின் பள்ளத்தாக்கில் உலாவிப் பார்க்க விரும்புகிறேன் என்ற கருத்தில் அபுல் ஃபஸ்ல் வேடிக்கையாக விடையளித்தாராம். கேட்டவருக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. ஒருவர் எண்ணங்களை விளையாட்டுப் பொருளாகச் சுழற்றிப் பார்ப்பவர். மற்றவர் ஒவ்வொரு சொல்லுக்கும் மறுமையில் கணக்கு உண்டு என்று நடுங்குபவர். இவ்விருவரும் ஒரே கூடத்தில் நாள்தோறும் அமர்ந்து பணியாற்றினர்.

மொழிபெயர்ப்புக் கூடம்

அரசரின் ஆணையால் சமஸ்கிருத, அரபு நூல்கள் பாரசீகத்திற்குப் பெயர்க்கப்பட்டன. இதில் வினோதம் என்னவென்றால், இந்தப் பணியை வெறுத்த பதாயூனியே இதில் பெரும் பளுவைச் சுமந்தார். 'சிங்காசன் பத்தீஸி' எனப்படும் விக்கிரமாதித்தன் கதைகளைத் தொடக்கத்திலேயே பெயர்த்தார். 1582இல் தொடங்கிய மகாபாரதப் பணியில் நகீப் கான், ஸுல்தான் தானேஸரி முதலியோருடன் பங்கேற்றார். ராமாயணத்தை நான்கு ஆண்டுகள் உழைத்து 1589இல் முடித்தார். காஷ்மீர வரலாறான ராஜதரங்கிணியின் பாரசீக வடிவத்தை எளிய நடையில் திருத்தி எழுதினார். யாகூத்தின் 'முஃஜமுல் புல்தான்' பலருக்குப் பங்கிடப்பட்டபோது, தம் பங்கை ஒரு மாதத்தில் முடித்து எல்லாருக்கும் முன்னதாக ஒப்படைத்தார்.

அபுல் ஃபஸ்லின் பங்கு வேறுவகை. மகாபாரத மொழிபெயர்ப்பான 'ரஸ்ம் நாமா'வுக்கு 1587இல் நீண்ட முன்னுரை எழுதினார். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவர் நூலை ஒருவர் அறியாமையாலேயே பகை வளர்கிறது, மூலத்தைப் படித்தால் தெளிவு பிறக்கும் என்ற நோக்கை அதில் முன்வைத்தார். ஒருவர் பெயர்த்தார், மற்றவர் அதற்குப் பொருள் கற்பித்தார். உழைத்த கையும் பெயர் சூட்டிய கையும் வேறுவேறாக இருக்கும் நிலை எல்லாப் பணியிடங்களிலும் காணப்படுவதே.

ஒருமுறை ரஸ்ம் நாமாவின் ஒரு பகுதியைக் கேட்ட அக்பர் சினமுற்றார். செயல்களுக்குப் பின்னர்க் கூலி உண்டு என்ற கருத்து வரும் இடத்தில் பதாயூனி தம் மார்க்கக் கொள்கையைப் புகுத்திவிட்டார் என்பது அவர் ஐயம். இவரை உலகப் பற்றற்ற ஸூஃபி இளைஞர் என்று எண்ணினோம், பிடிவாதமான ஃபகீஹாக இருக்கிறாரே என்று அபுல் ஃபஸ்லிடம் குறைபட்டுக்கொண்டார். பதாயூனி முன்வந்து, நான் மொழிபெயர்ப்பாளன் மட்டுமே, மூலத்தில் இருப்பதைக் கூட்டாமலும் குறைக்காமலும் தந்தேன் என்று விடை கூறினார். அந்தக் கருத்து இந்து நூல்களிலேயே உள்ளதென்றும் விளக்கினார். தாம் ஏற்காத ஒரு நூலுக்கு ஒருவர் காட்டிய இந்த நேர்மை எளிதில் கடந்து போகத் தக்கதன்று.

ஆனால் அதே மனிதர், தாம் எழுத நேர்ந்த அந்நூல்களுக்குப் பரிகாரமாக அமையட்டும் என்று திருக்குர்ஆனைத் தம் கையால் அழகுற எழுதி, தம் ஆன்மிக வழிகாட்டியான ஷைகு தாவூதின் அடக்கத்தலத்திற்கு அனுப்பிவைத்தார். ஊதியத்திற்காகச் செய்த பணியும் மனச்சான்றுக்காகச் செய்த பணியும் ஒரே கையால் எழுதப்பட்டன.

ஃபைஸியின் கடிதம்

இக்கதையில் மிகவும் வருந்தத்தக்க பகுதி மூன்றாமவரான ஃபைஸியைப் பற்றியது. விடுப்பு முடிந்தும் பதாயூன் நகரில் மாதக்கணக்கில் தங்கிவிட்ட பதாயூனி மீது அரசருக்குக் கோபம் மூண்டது. அப்போது தூதராகத் தக்காணத்தில் இருந்த ஃபைஸி, ஹிஜ்ரி 1000இல் (1592) அரசருக்குப் பரிந்துரைக் கடிதம் ஒன்று அனுப்பினார். பதாயூனியின் புலமையையும், பேராசையற்ற தன்மையையும், இசை, சதுரங்கம் வரை பரந்திருந்த அவரது பயிற்சியையும் அதில் பாராட்டினார். அக்கடிதத்தைப் பதாயூனியே தம் நூலில் எடுத்தெழுதியிருக்கிறார்.

1595 அக்டோபரில் ஃபைஸி மறைந்தார். 4,600 நூல்கள் கொண்ட நூலகத்தையும், புள்ளியுள்ள எழுத்து ஒன்றுகூட இல்லாமல் அரபியில் எழுதிய 'ஸவாத்திஉல் இல்ஹாம்' தப்ஸீரையும் விட்டுச் சென்றார். அரபு எழுத்துகளுள் ஏறத்தாழப் பாதியைத் தொடாமல் ஒரு முழுத் தப்ஸீர் எழுதுவது எத்தகைய அரும்பணி என்பதை நமது மாணவர்கள் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால் உணர்வார்கள். சில மாதங்களுக்குள் பதாயூனி எழுதி முடித்த குறிப்பில் நண்பருக்கு ஈரமான ஒரு சொல்லும் இல்லை. அவரது மரணத்தையும் தப்ஸீரையும் இழித்தே எழுதினார். நாற்பதாண்டு நட்புக்கும் அந்தக் கடிதத்திற்கும் இதுதானா நன்றி என்று வாசகர் கேட்பாரே என்று தாமே கேள்வியும் எழுப்பிக்கொண்டார். மார்க்கத்திற்குச் செலுத்த வேண்டிய கடமை நட்பின் கடமையைவிட மேலானது என்பது அவருடைய விடை.

அந்த விடை அவரையே நிறைவு செய்திருந்தால் கடிதத்தை ஏன் முழுமையாகச் சேர்த்தார்? அதை மறைத்திருந்தால் எவருக்கும் தெரிந்திராது. தமக்கு எதிரான சாட்சியத்தைத் தம் நூலிலேயே பதிந்து வைத்த இச்செயலில், கடுமையான சொற்களுக்கு அடியில் ஓர் உறுத்தல் இருந்ததென்றே நான் கருதுகிறேன்.

இரு நூல்கள்

அபுல் ஃபஸ்லின் 'அக்பர்நாமா' அரசரின் ஆணையால் எழுதப்பட்டது. அரசுப் பதிவேடுகள் அவருக்குத் திறந்திருந்தன. மூத்தவர்களிடம் நினைவுக் குறிப்புகள் கேட்டுப் பெறப்பட்டன. ஐந்து முறை திருத்தி எழுதியதாக அவரே கூறுகிறார். அதன் பகுதியான 'ஆயீனே அக்பரி' கோதுமை ஒரு 'மன்' 12 தாம் என்பது வரை விலைப்பட்டியல் தருகிறது. ஸூபாக்களின் வருவாய் முதல் சமையற்கூட ஒழுங்கு வரை தொகுக்கிறது. பதாயூனியின் 'முன்தகபுத் தவாரீக்' எவரும் ஏவாமல் மறைவாக எழுதப்பட்டது. நண்பர் நிஸாமுத்தீன் அஹ்மதின் 'தபகாத்தே அக்பரி'யைத் தழுவி, தம் அனுபவங்களைச் சேர்த்து, ஹிஜ்ரி 1004இல் (1596) முடித்து அவர் ஒளித்துவைத்தார். ஜஹாங்கீர் காலத்தில்தான் அது வெளிப்பட்டது. ஒன்று சுற்றி வளைத்த அலங்கார நடை. மற்றது குத்தலும் நகையும் கலந்த சுருக்கமான நடை.

இவ்விரு சாட்சிகளை எவ்வாறு பயன்படுத்துவது? முதலாவதாக, இருவரும் ஒத்துக் கூறும் இடங்கள். 1556ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில் மனிதர் மனிதரைத் தின்றதைத் தம் கண்ணால் கண்டதாகப் பதாயூனி எழுதுகிறார். அப்போது ஐந்து வயதுச் சிறுவராயிருந்த அபுல் ஃபஸ்ல், தம் வீட்டில் எழுபது பேர் இருந்ததையும், சில நாட்களில் கிடைத்த ஒரு ஸேர் தானியத்தை வேகவைத்து அந்த நீரைப் பகிர்ந்து குடித்ததையும் நினைவுகூர்கிறார். வேறெதிலும் ஒன்றுபடாத இருவர் பசியில் ஒன்றுபடுகின்றனர். இங்கே ஐயத்திற்கு இடமில்லை.

இரண்டாவதாக, ஒருவர் மறைப்பதை மற்றவர் சொல்லும் இடங்கள். 1574இல் நிலங்களை ஒரு கோடி தன்கா வருவாய் தரும் பகுதிகளாகப் பிரித்து 'கரோரி' அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர். அபுல் ஃபஸ்ல் இதனைச் சீர்திருத்தமாக வருணிக்கிறார். அதிகாரிகளின் கொடுமையால் நிலங்கள் தரிசாயின, குடியானவர்களின் மனைவி மக்கள் விற்கப்பட்டனர், பின்னர் அந்த அதிகாரிகளே கணக்குக் கேட்டு வதைக்கப்பட்டனர் என்கிறார் பதாயூனி. எவரை நம்புவது? 1585இல் வருவாய்க் கணக்குகளைச் சீர்செய்ய ஃபத்ஹுல்லாஹ் ஷீராஸி அளித்த பரிந்துரைகளை அக்பர்நாமாவே பதிவு செய்கிறது. எல்லாம் செம்மையாக நடந்திருந்தால் அத்தகைய நிவாரணம் தேவைப்பட்டிருக்காது. அரசவை ஆசிரியரின் ஆவணமே மறைவாக எழுதியவருக்குத் துணை நிற்கிறது.

மூன்றாவதாக, பகைமை வெளிப்படும் இடங்கள். அரசவையில் மார்க்கத்திற்கு எதிராக நடந்ததாகப் பதாயூனி அடுக்கும் செய்திகளுள் சில கேள்விப்பட்டவை. சிலவற்றில் கால வரிசை குழம்புகிறது. அபுல் ஃபஸ்ல் அரசரைப் பற்றி எழுதும்போது குறையே காணாத கண்ணுடன் எழுதுகிறார். இரண்டிலும் வேறு சான்று கிடைக்கும்வரை நிறுத்திவைப்பதே முறை. தஹபியின் விதி இங்கேதான் கைகொடுக்கிறது.

அபுல் ஃபஸ்ல் தம் சகபாடியை எழுத்தில் தாக்கவில்லை. ஆயீனில் மகாபாரத மொழிபெயர்ப்பாளர்களைக் குறிப்பிடும்போது 'மவ்லானா' என்ற மரியாதையுடன் பெயரைப் பதிந்துவிட்டுக் கடந்து செல்கிறார். ஆயினும் பதவியில் உயர்ந்தவருக்கு மௌனம் எளிது என்பதையும் மறக்கலாகாது. மேலே நிற்பவரின் மௌனமும் கீழே நிற்பவரின் சினமும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவை அல்ல.

நமக்கு எஞ்சுவது

நான் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் ஓரிடத்தில் இரு உஸ்தாதுகள் இருந்தனர். ஒருவர் மணியடிக்கும் முன் வகுப்பில் இருப்பார். பாடத்திட்டம், வருகைப் பதிவு, தேர்வுத்தாள் எதுவும் பிசகாது. மற்றவர் தாமதமாக வருவார். ஒரு வரியில் புகுந்தால் பிற்பகல் வரை வெளிவர மாட்டார். இருவரும் பல ஆண்டுகள் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. மாணவர்களாகிய நாங்களே இடையில் செய்தி சுமந்தோம். சுமக்கையில் கூட்டியும் குறைத்தும் சொன்னோம் என்பதை இன்று வெட்கத்துடன் எண்ணிப் பார்க்கிறேன். முன்னவரின் ஜனாஸாவில் பின்னவர் கடைசி ஸஃப்பில் நின்றார். திரும்பும் வழியில், அவரிடம் கேட்க வேண்டிய ஸர்ஃபுச் சந்தேகம் ஒன்று இருந்தது, கேட்காமலே விட்டுவிட்டேன் என்று என்னிடம் சொன்னார். ஒழுங்கை ஒருவரிடமும் ஆழத்தை மற்றவரிடமும் பெற்றவன் நான். அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பெறாமற்போனது என்னவென்று அன்றுதான் விளங்கிற்று.

அபுல் ஃபஸ்லின் முடிவு கொடியது. 1602 ஆகஸ்டில், தக்காணத்திலிருந்து திரும்பும் வழியில், இளவரசர் ஸலீமின் தூண்டுதலால் ஓர்ச்சாவின் பீர் சிங் புந்தேலாவின் ஆட்களால் கொல்லப்பட்டார். ஸலீம் பின்னாளில் ஜஹாங்கீராகத் தம் நினைவுக் குறிப்பில் இதனை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டு நூலான 'மஆஸிருல் உமரா' அபுல் ஃபஸ்லின் குணங்களை விவரிக்கையில், பணியாளர் எவரையும் நீக்காதவர், கடுஞ்சொல் பேசாதவர், நாளொன்றுக்கு 22 ஸேர் உணவு உண்டவர் என்றெல்லாம் கூறுகிறது. அதே நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. அவர் இரவு வேளைகளில் தர்வேஷ்களின் இல்லங்களுக்கு மறைவாகச் சென்று, பொற்காசுகளை வைத்து, அபுல் ஃபஸ்லின் ஈமான் நிலைபெற துஆச் செய்யுங்கள் என்று வேண்டுவாராம்.

இது பிற்காலத்துச் செவிவழிச் செய்தி; உறுதிப்பட்ட வரலாறாகக் கொள்ள இயலாது. பதாயூனி இதனைக் கேட்டிருந்தால் நம்பியிருக்கவும் மாட்டார். ஆனால் பதாயூனி ஒரு நூலை இருபதாண்டு சகபாடியிடமிருந்து மறைத்தே வைத்திருந்தார் என்பது உறுதியானது. அருகருகே அமர்ந்து பணியாற்றியவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் அறியாதது எவ்வளவு என்பதற்கு அதுவொன்றே போதும்.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து விலகச் செய்ய வேண்டாம் என்ற அறிவுரையை ஸூரத்துல் மாயிதாவின் எட்டாம் வசனத்தில் நாம் ஓதுகிறோம். நீதிமன்றத்திற்கும் போர்க்களத்திற்கும் மட்டுமே உரியதாக அதை எண்ணிக்கொள்கிறோம். உஸ்தாதுகள் அமரும் அறையிலும், அலுவலக மேசையின் இருபுறத்திலும் அது நாள்தோறும் நம்மைச் சோதிக்கிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவரைப் பற்றி நாம் தரும் சாட்சியத்தை, நாமிருவரும் சென்ற பின் எவரேனும் தராசில் இடக்கூடும். அன்று அது நிற்குமா என்று எண்ணிப் பார்த்துப் பேசுவது நமக்கு நல்லது.